கைமடிப் பையன்கள் – திருப்பூரும் தெருக் குழந்தைகளும்

தெருக் குழந்தைகள் என்ற சொல்லைக் கேட்டவுடன் பலருக்கும் மும்பை ரயில் நிலையமோ, சென்னை சென்ட்ரலோதான் நினைவுக்கு வரும். திருப்பூர் வராது. அது வேலை கொடுக்கும் ஊர் என்றுதான் பெயர். கையில் காசு இல்லாமல் பஸ் ஏறி வந்தவரும் அடுத்த சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஊருக்குப் பணம் அனுப்பும் ஊர். ஆனால் வேலை தேடி வந்த பெரியவர்களோடு குழந்தைகளும் வந்தார்கள். சில குழந்தைகள் பெரியவர்கள் யாரும் இல்லாமலே வந்தார்கள். அவர்களுக்கும் அந்த ஊர் வேலை கொடுத்தது. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

1980-களில் யுனிசெஃப் அமைப்பு தெருக் குழந்தைகளைப் பிரித்துப் பார்த்தது. பகலெல்லாம் தெருவில் சம்பாதித்துவிட்டு இரவில் வீடு திரும்பும் குழந்தை ஒரு வகை. தெருவே வீடாகிப் போன குழந்தை இன்னொரு வகை. 2017-ல் ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தை உரிமைக் குழு தனது 21-வது பொதுக் கருத்துரையில் "தெருச் சூழலில் உள்ள குழந்தைகள்" என்ற சொல்லைப் பயன்படுத்தியது. அதாவது, தெரு என்பது அந்தக் குழந்தையின் சாதியோ குணமோ அல்ல, அது மாட்டிக்கொண்டிருக்கும் சூழ்நிலை. திருப்பூருக்கு இந்தச் சொல் மிகவும் பொருந்தும். சீசன் இருக்கும்போது கம்பெனியில் இருந்த பையன்தான் சீசன் இல்லாதபோது பஸ் ஸ்டாண்டில் இருந்தான். கம்பெனிப் பையன், தெருப் பையன் என்று இரண்டு தனித்தனிப் பையன்கள் பெரும்பாலும் இல்லை.

இந்தக் கதையைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் வந்தது. 7 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது, 7 முதல் 12 வயது வரை உள்ளவர்களை ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். ஒன்பது மணி நேரம் என்பதே அன்றைக்கு ஒரு சலுகை! இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தச் சட்டம் வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை முதலாளிகளும் இருந்தார்கள். பம்பாய் ஆலைகள் மலிவான கூலியில் நூல் நூற்றுத் தங்கள் சந்தையைப் பிடித்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. குழந்தைகள் மேல் உண்மையான இரக்கம் கொண்டவர்களும் இருந்தார்கள், வியாபாரப் போட்டியை மனதில் வைத்தவர்களும் இருந்தார்கள். இந்தக் கலவை நூறு வருடம் கழித்துத் திருப்பூர் வாசலுக்கும் வந்தது. 1891-ல் குறைந்தபட்ச வயது 9 ஆனது. 1922-ல் 12 ஆனது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல்தான் 14 ஆனது.

ஆலைக்குள் இருந்த குழந்தைக்கு ஒரு சட்டம் என்றால், தெருவில் இருந்த குழந்தைக்கு வேறு சட்டம். 1920-ல் வந்த மதராஸ் குழந்தைகள் சட்டம்தான் இந்தியாவிலேயே இந்த வகையில் முதலாவது. வங்காளமும் பம்பாயும் இதற்குப் பிறகுதான் இயற்றின. நல்ல முயற்சிதான். ஆனால் வீடில்லாமல் திரிந்த குழந்தையையும், குற்றம் செய்த குழந்தையையும் ஒரே சட்டத்தின் கீழ்தான் அது பார்த்தது. போலீஸ் பிடிக்கும், நீதிமன்றம் அனுப்பும், உயரமான சுவருக்குள் பள்ளி நடக்கும். போலீஸைக் கண்டால் தெருப் பையன்கள் ஓடுவதற்குப் பின்னால் இப்படி ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

அதே 1920-களில்தான் திருப்பூரில் பனியன் பின்னும் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. பல வருடங்களுக்கு அது உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளை பனியன் தயாரிக்கும் ஊராகவே இருந்தது. 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய நிறுவனம் மும்பை வியாபாரிகள் வழியாகத் திருப்பூரைத் தேடி வந்து டி-சர்ட் வாங்கியது. அதன் பிறகு ஐரோப்பியக் கடைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1985-ல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி 1990-ல் சுமார் 300 கோடி ஆனது. 2006-07-ல் 11,000 கோடியைத் தொட்டது. ஊரின் மக்கள்தொகை 1981-க்கும் 2001-க்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, திருநெல்வேலி என்று மழை பொய்த்த பக்கமெல்லாம் இருந்து குடும்பங்கள் வந்து லைன் வீடுகளில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுத்துத் தங்கின.

இடையில் ஒரு முக்கியமான நிகழ்ச்சி. 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு முதலாளிகள் பலரும் ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்திருப்பதைத் தவிர்த்தார்கள். வேலை துண்டு துண்டாகப் பிரிந்தது. பின்னுவது ஒரு இடம், சலவை ஒரு இடம், சாயம் ஒரு இடம், கட்டிங் ஒரு இடம், தையல் வேறு ஒரு சந்தில். காஜா பட்டனுக்குத் தனியாக ஒரு ஷெட். கம்பெனிக்குள் ஒரு கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே பத்து மெஷின். மின்சாரம் வைத்து ஓடும் இடத்தில் பத்துப் பேராவது இருந்தால்தான் அன்று தொழிற்சாலைச் சட்டம் பொருந்தியது. ஒன்பது பேர் இருக்கும் ஷெட்டுக்குள் இன்ஸ்பெக்டர் எதைத் தேடுவார்?

குழந்தைகள் நுழைந்தது இந்தச் சந்துகளின் வழியாகத்தான். திருப்பூரில் "கைமடி" என்று ஒரு வேலை உண்டு. பவர் டேபிள் டெய்லர் தைத்துத் தள்ளும் துணியை வாங்கி மடித்து அடுக்குவது, அடுத்த பீஸை எடுத்துக் கொடுப்பது, பண்டல் கட்டுவது. டெய்லர் வேகத்துக்குக் கை ஓட வேண்டும், அவ்வளவுதான். படிப்பு வேண்டாம், பலம் வேண்டாம். பிசிறு வெட்டும் வேலையும் அப்படித்தான். பத்து வயதுக் கைக்கு இது எளிது என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம். ஆனால் ஷிப்மெண்ட் நாள் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று இழுக்கும். இரவு இரண்டு மணிக்குத் துணி மூட்டை மேலேயே தூங்கிவிட்ட பையனை எழுப்பி டீ வாங்க அனுப்புவார்கள். ஏற்றுமதிப் பெட்டியில் அழகாக மடித்து வைத்த டி-சர்ட்டை மடித்தது யார் என்று பெட்டியில் எழுதியிருக்காது.

குடும்பத்தோடு வந்தவன் என்றால் சம்பளம் அப்பா கைக்குப் போனது. பல நேரங்களில் அப்பா முன்பணம் வாங்கியிருப்பார். குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933-லேயே சட்டம் வந்துவிட்டது. விட்லி ஆணையம் அமிர்தசரஸ் கம்பளப் பட்டறைகளிலும் மதராஸ் பீடிக் கம்பெனிகளிலும் இந்த வழக்கத்தைக் கண்டு எழுதியதன் விளைவு அது. பெற்றோருக்கு 50 ரூபாய் வரை, முதலாளிக்கு 200 ரூபாய் வரை அபராதம். சட்டம் இருந்தது, முன்பணமும் இருந்தது.

தனியாக ஓடி வந்தவன் நிலைமை வேறு. அடி தாங்காமலோ, பள்ளிக்கூடம் பிடிக்காமலோ, வீட்டில் சாராயச் சண்டை தாங்காமலோ ரயில் ஏறியவன். சென்னை – கோவை ரயில் பாதையில் ஊர் நடுவிலேயே நிலையம் இருப்பதால் இறங்குவது சுலபம். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே காதர்பேட்டை பனியன் கடைகள். மூட்டை தூக்கலாம், டீக்கடையில் கிளாஸ் கழுவலாம், கட்டிங் வேஸ்ட் பொறுக்கிக் கடையில் போட்டால் எடைக்குக் காசு. வேறு ஊரில் தெருக் குழந்தைக்குக் குப்பையில் பிளாஸ்டிக்தான் கிடைக்கும், திருப்பூரில் குப்பையிலும் பனியன் துணி கிடைத்தது. நல்ல கான்ட்ராக்டர் கண்ணில் பட்டால் கம்பெனியில் சேர்ந்துவிடலாம், இரவில் அங்கேயே படுத்துக்கொள்ளலாம். கூரை கிடைத்துவிட்டதால் அவனைத் தெருக் குழந்தை என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. ஆர்டர் நின்றால் கூரையும் போய்விடும் என்பதை அவன் மட்டும்தான் அறிவான்.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. பெயரிலேயே "தடை" பாதி, "ஒழுங்குமுறை" பாதி. பட்டியலில் உள்ள ஆபத்தான தொழில்களில் மட்டும்தான் தடை. துணி நெசவு, சாயம், அச்சு ஆகியவை பட்டியலில் இருந்தன. மடித்து அடுக்குவதை யார் ஆபத்து என்பார்கள்? போதாததற்கு, குடும்பத்தினர் சேர்ந்து நடத்தும் பட்டறைக்கு விதிவிலக்கும் இருந்தது. சந்தில் இருந்த ஷெட்டெல்லாம் குடும்பப் பட்டறை என்று சொல்லிக்கொள்ள அது போதும்.

பெரிய அதிர்ச்சி வெளியிலிருந்துதான் வந்தது. 1992-ல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின், குழந்தைகள் உழைப்பில் உருவான பொருட்களை அமெரிக்காவில் இறக்குமதி செய்யத் தடை விதிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். மசோதா நிறைவேறவே இல்லை. ஆனாலும் பேச்சு எழுந்ததற்கே பங்களாதேஷ் ஆடைத் தொழிற்சாலைகள் நடுங்கின. 1993-ல் அங்கே சுமார் 50,000 குழந்தைகள் வேலையிலிருந்து வெளியேற்றப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அவர்கள் பள்ளிக்கா போனார்கள்? இல்லை. கல் உடைக்கவும், தெருவில் விற்கவும், அதைவிட மோசமான இடங்களுக்கும் போனார்கள் என்று யுனிசெஃப் 1997 அறிக்கையில் எழுதியது. குழந்தைத் தொழிலாளர்களைத் தெருக் குழந்தைகளாக மாற்றிய மசோதா என்றே அதைச் சொல்லலாம். ஹார்கினின் எண்ணத்தில் தவறில்லை. அதை நம்பி அவசரப்பட்டவர்களின் வேலையில்தான் தவறு.

அதற்குப் பிறகு நடந்தது கவனிக்க வேண்டியது. 1995 ஜூலை 4 அன்று பங்களாதேஷ் ஆடை ஏற்றுமதியாளர் சங்கமும், யுனிசெஃபும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டாக்காவில் ஓர் ஒப்பந்தம் செய்தன. பள்ளியில் இடம் தயாராகும் வரை எந்தக் குழந்தையையும் வெளியே அனுப்பக் கூடாது. புதிதாகக் குழந்தைகளைச் சேர்க்கவும் கூடாது. பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு மாதம் 300 டாக்கா உதவித்தொகை. சுமார் 8,000 குழந்தைகள் அந்தப் பள்ளிகளுக்குப் போனார்கள். வெளியேற்றப்பட்ட 50,000 பேரோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் வரிசை சரியாக இருந்தது. முதலில் பள்ளி, பிறகு கம்பெனிக் கதவு.

திருப்பூரிலும் அதே பயம் பரவியது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆர்டரோடு நிபந்தனையும் சேர்த்து அனுப்பினார்கள். 1997-ல் எஸ்.ஏ. 8000 என்ற சான்றிதழ் முறை வந்தது. ஆடிட்டர்கள் வந்து தையல் ஹாலைச் சுற்றிப் பார்த்தார்கள். பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளின் வாசலில் குழந்தைத் தொழிலாளர் இல்லை என்ற போர்டு தொங்கியது. போர்டு தொங்கிய கம்பெனிகளில் பெரும்பாலும் அது உண்மையாகவும் ஆனது, இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் கம்பெனியின் வேலை போகும் சந்து வரைக்கும் ஆடிட்டர் போகவில்லை. ஹாலில் இருந்து வெளியே வந்த பையன் அதே வேலையை ஜாப் ஒர்க் ஷெட்டில் குறைந்த கூலிக்குச் செய்தான், அல்லது டீக்கடைக்குப் போனான்.

1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் ஒரு பெரிய தீர்ப்பு சொன்னது. சிவகாசியை முன்வைத்துத் தொடுத்த வழக்கு அது. சட்டத்தை மீறி வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தக் குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும், முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும், வட்டி குழந்தையின் படிப்புக்கு. குழந்தையின் சம்பளம் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது என்பதை நீதிமன்றமே கணக்கில் எடுத்துக்கொண்டது. முதலில் கவனிக்க வேண்டியவை என்று அந்தத் தீர்ப்பு ஒன்பது தொழில்களைச் சொன்னது. சிவகாசித் தீப்பெட்டி, சூரத் வைரம், மொராதாபாத் பித்தளை என்று போகும் அந்தப் பட்டியலில் திருப்பூர் பனியன் இல்லை.

திருப்பூரில் உண்மையில் பலன் தந்தது சத்தமில்லாத ஒரு வேலை. 1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் பிறகு கோவை மாவட்டத்துக்கும் வந்தது (திருப்பூர் 2009-ல்தான் தனி மாவட்டமானது). அதன் கீழ் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. கம்பெனியிலிருந்து மீட்ட குழந்தை நேராக ஏழாம் வகுப்பில் உட்கார முடியாது, மூன்றாம் வகுப்பில் விட்ட பாடம் மறந்திருக்கும். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கம். அதனால் இரண்டு மூன்று வருடம் தனியாகச் சொல்லிக்கொடுத்து, மதிய உணவும் மாதம் ஒரு சிறு தொகையும் தந்து, பிறகு வழக்கமான பள்ளியில் சேர்த்தார்கள். தொண்டு நிறுவனங்களும் இரவு வகுப்பு, பாலப் பள்ளி என்று நடத்தின. ஆந்திராவில் சாந்தா சின்ஹாவின் எம்.வி. பவுண்டேஷன் 1991 முதல் முகாம்கள் வைத்து இதையே பெரிய அளவில் செய்தது, அதற்காக 2003-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. பள்ளியில் இல்லாத குழந்தை எல்லாமே குழந்தைத் தொழிலாளிதான் என்பது அவர்கள் கொள்கை. "எந்த வேலை ஆபத்து?" என்ற பட்டியல் சண்டையே அங்கே இல்லை. 2021-ல் மத்திய அரசின் சிறப்புப் பள்ளித் திட்டம் சமக்ர சிக்ஷாவோடு இணைக்கப்பட்டுவிட்டது.

தனியாக வந்த பையனுக்கு இந்தப் பள்ளி மட்டும் போதவில்லை. இரவு எங்கே படுப்பான்? கோவையிலும் சென்னையிலும் சலேசிய சபையினர் நடத்திய அன்பு இல்லங்கள் இதற்கு ஒரு வழி காட்டின. முதலில் ஸ்டேஷனில் பேச்சுக் கொடுப்பது, பிறகு குளிக்கவும் சாப்பிடவும் மட்டும் வரச் சொல்வது, தங்குவது அவன் இஷ்டம். சம்பளம் வாங்கிப் பழகிய பையனை அடைத்து வைத்தால் மறுநாளே சுவர் ஏறிப் போய்விடுவான். அவனுக்குக் காசின் ருசி தெரியும், சினிமாவுக்குத் தன் காசில் போனவன். டெல்லியில் பட்டர்ஃப்ளைஸ் அமைப்பு 2001-ல் தெருக் குழந்தைகளுக்கென்றே ஒரு சேமிப்பு வங்கி தொடங்கியது. இரவில் சட்டைப் பையிலிருந்து திருட்டுப் போவதற்குப் பதிலாகக் காசு வங்கியில் கிடக்கும். சின்ன யோசனைதான், ஆனால் அந்தப் பையனை ஒரு சம்பாத்தியக்காரனாக மதித்த யோசனை.

சட்டமும் மெதுவாகத் திருந்தியது. 2000-ல் வந்த இளைஞர் நீதிச் சட்டம் ஆதரவற்ற குழந்தையைக் குற்றவாளிக் குழந்தையிடமிருந்து தெளிவாகப் பிரித்துக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தது. 1920-ல் போட்ட முடிச்சு அவிழ 80 வருடம் ஆகியிருக்கிறது. 2006 அக்டோபர் 10 முதல் டீக்கடை, ஓட்டல், வீட்டு வேலைகளிலும் குழந்தைகளுக்குத் தடை. 2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டம். 2016-ல் 14 வயதுக்குக் கீழே எல்லாத் தொழிலிலும் தடை என்று 1986 சட்டம் திருத்தப்பட்டது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்ற ஓட்டை மட்டும் இன்னும் இருக்கிறது. லைன் வீட்டு வாசலில் பீஸ் கணக்குக்குப் பிசிறு வெட்டும் குடும்பத்தில் "உதவி" எங்கே முடிந்து "வேலை" எங்கே ஆரம்பிக்கிறது?

இதற்கு நடுவில் ஊரும் மாறியது. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஊரே ஸ்தம்பித்தது. பல குடும்பங்கள் சொந்த ஊருக்குத் திரும்பின, படிப்பு நடுவில் நின்றது. தொழில் மறுபடி எழுந்தபோது ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பக்கமிருந்து வந்தவர்கள் அதிகமானார்கள். 2020 ஊரடங்கில் அவர்கள் ரயிலுக்குக் காத்து நின்ற காட்சியை எல்லோரும் பார்த்தார்கள். இன்று கைமடியில் பத்து வயதுத் தமிழ்ப் பையனைப் பார்ப்பது அரிது. மதிய உணவும், 2023-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவான காலை உணவும், பெற்றோரின் படிப்பு ஆசையும் அதைச் செய்திருக்கின்றன. ஆனால் அப்பாவும் அம்மாவும் ஷிப்டுக்குப் போன பிறகு பூட்டிய அறை வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் எட்டு வயது ஒடிசாச் சிறுமி இருக்கிறாள். அவள் தெருக் குழந்தை இல்லை, தொழிலாளியும் இல்லை. எந்தப் பட்டியலிலும் வரமாட்டாள்.

அவளுக்கு என்ன செய்ய முடியும்? 1098 என்ற எண் இருக்கிறது. 1996-ல் மும்பையில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய சைல்டுலைன் அது, 2023 முதல் அரசே நடத்துகிறது. தனியாகத் திரியும் குழந்தையைப் பார்த்தால் காசு கொடுப்பதைவிட அந்த எண்ணை அழைப்பது நல்லது. இரக்கப்பட்டுத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போவதும் சரியல்ல. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம்.

பள்ளி விஷயத்தில் சட்டம் இன்னும் தாராளமானது. கல்வி உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தரச் சொல்கிறது. 14-வது பிரிவு வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. டி.சி. தாமதமானாலும் சேர்க்கையை நிறுத்தக் கூடாது. இது அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. தலைமை ஆசிரியரிடம் தமிழில் கேட்கவும் தெரியாது. பக்கத்து அறையில் குடியிருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் கூடப் போய்ப் பேசினால் பத்து நிமிட வேலை. பிறகு தம்பியை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்பார்கள். ஏறக்குறைய எல்லா ஊரிலும் அங்கன்வாடி உண்டு. ஆனால் அது மாலைக்குள் பூட்டிவிடும், ஷிப்ட் இரவு எட்டரைக்குத்தான் முடியும்.